ஆயுள் முழுக்க நுழைவு இலவசம்

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி போகும் சாலையில், ராட்டினம் தலைக்கு மேலே தெரிகிற இடத்தில் பஸ் நிற்கும். அங்கே இறங்கி யாரிடமாவது பச்சியப்பன் வீடு எது என்று கேட்டால், "எந்தப் பச்சியப்பன், கார்டு பச்சியப்பனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தக்காளி போட்டு நொந்துபோன பச்சியப்பன்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கார்டு வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான்.

கார்டு வந்த கதை இது. சில வருஷங்களுக்கு முன்னால் ரோட்டோரமாக இருந்த அவர் நிலத்தைக் கேட்டு இரண்டு தரப்பு வந்தது. ஒருவர் குடோன் கட்டப் போகிறவர். வியர்த்து விறுவிறுத்து மொபெட்டில் வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒரே விலை சொன்னார். நல்ல விலை. இன்னொரு தரப்பு 'குளுகுளு ஃபன் வேர்ல்டு' என்று தண்ணீர்ப் பூங்கா கட்டப் போகிற கம்பெனி. ஏசி காரில் வந்தார்கள், சால்வை போர்த்தினார்கள், குடோன்காரர் சொன்னதில் பாதிகூடத் தேறாத ஒரு விலையைச் சொன்னார்கள். பச்சியப்பன் முகம் சுருங்குவதற்குள் பெட்டியைத் திறந்து தங்கக் கலரில் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்கள். அதில் அவர் போட்டோ, அவர் பேர், கீழே கொட்டை எழுத்தில் 'ஆயுள் முழுக்க நுழைவு இலவசம்'. விலை படிவதற்கு முன்பே இவர்களிடம் நம் போட்டோ எப்படி வந்தது என்று மனுஷன் யோசித்திருக்க வேண்டாமா? மீசை எடுப்பாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம நெலத்துக்குள்ள நாம போறதுக்கு இவங்க என்னாத்துக்கு கார்டு குடுக்கறது?" என்று கேட்டாள் அவர் மனைவி ராமக்காள். "குடோன்காரருக்கே குடுங்க. காசு காசா வரட்டும்."

"ஒனக்கு என்னா தெரியும்? ஊரே காசு குடுத்து உள்ள போவும். நாம சும்மா போவோம். சாவுற வரைக்கும் சும்மா. அதையும் சேத்துக் கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

ராமக்காளும் கணக்குப் போட்டாள். அவளுக்கு வேறு விடை வந்தது. ஆனால் பட்டா அவர் பேரில் இருந்ததால் கையெழுத்தும் அவருடையதுதான்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் சில வருஷம் கார்டுக்கு நல்ல மவுசு இருந்தது. அப்போது பூங்காவில் காசு வாங்குவது வாசலில் மட்டும்தான். அங்கே கட்டிவிட்டால் போதும், உள்ளே எந்தச் சறுக்கில் வேண்டுமானாலும் சறுக்கலாம், ராட்டினத்தில் வாந்தி வரும்வரை சுற்றலாம். கட்டணம்தான் கண்ணைக் கட்டும். ஒரு குடும்பம் உள்ளே போய்வர ஒரு வாரக் கூலி பத்தாது. பிள்ளைகளிடம் வயசு கேட்பதில்லை, உயரத்தை அளப்பார்கள். கம்பத்தில் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம், மேலே போனால் அரை டிக்கெட், இன்னும் மேலே போனால் முழு டிக்கெட். பென்னாகரத்துப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் கம்பத்தருகே முழங்காலை மடக்கி நிற்க வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்தார்கள். பெற்ற பிள்ளை ஒரு விரல்கடை வளர்ந்துவிட்டதே என்று தாய்மார்கள் வாய்விட்டு வருத்தப்பட்ட இடம் இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான்.

அந்த வரிசையைக் கடந்து பச்சியப்பன் வெள்ளை வேட்டியில் நடந்து போவார். அட்டையை நீட்டுவார், கம்பி திறக்கும். உள்ளே போய் எதிலும் ஏற மாட்டார். உயரம் என்றால் அவருக்குப் பயம், தண்ணீர் என்றால் சளி. சிமெண்டு டால்ஃபினின் நிழலில் துண்டை விரித்து ஒரு மதியத் தூக்கம் போட்டுவிட்டு வெளியே வருவார். அத்தனை பேரும் காசு கட்டி வருகிற இடத்தில் நாம் ஓசியில் தூங்குகிறோம் என்கிற நினைப்பில் அவருக்குத் தூக்கம் சொக்கிக்கொண்டு வரும்.

மகள் காவியாவுக்கு வரன் பேசும்போதும் கார்டு சபைக்கு வந்தது. மாப்பிள்ளை இளம்பரிதியின் அப்பா மாயவன், மொரப்பூர் பக்கம் ரோட்டை ஒட்டி நல்ல நிலம் வைத்திருப்பவர். நகை பேசி முடித்ததும் பச்சியப்பன் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மாயவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய எடம்தாங்க" என்றார். சம்பந்தம் பச்சியப்பனுக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

கல்யாணம் முடிந்து முதல் ஆடி வந்தது. ஆடிப் பதினெட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து, ஒகேனக்கல்லில் காவிரியில் குளித்து, மீன் வறுவலோடு சோறு தின்று வருவது இந்தப் பக்கத்து வழக்கம். ராமக்காள் அதற்குத்தான் வேன் பேசச் சொன்னாள்.

"ஒகேனக்கல்லுக்கு எவன் வேணா போவான்" என்றார் பச்சியப்பன். "ஆத்துல குளிக்க டிக்கெட்டா கேக்கறான்? டிக்கெட்டு இல்லாத எடத்துல சம்பந்திக்கு என்னா மரியாதை?"

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சம்பந்தி கண் முன்னால் அந்தக் கம்பி திறக்க வேண்டும். நிலத்தை அடிமாட்டு விலைக்கு விட்டவன் என்று ராமக்காள் மனசுக்குள் வைத்திருக்கிற பேச்சு அன்றோடு ஒழிய வேண்டும். அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவரை அரித்தது.

ஆடிப் பதினெட்டு அன்று மாயவன் வீட்டுச் சனமெல்லாம் பட்டுச்சேலையும் பவுடருமாக வந்து இறங்கியது. பச்சியப்பன் முன்னால் நடந்தார். வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே புது பேனர்: 'ஆடி அதிரடி. நுழைவுக் கட்டணம் அறவே இல்லை. அனைவரும் வருக'. கம்பி திறந்து கிடந்தது. அளக்கிற கம்பத்தைக் காணோம். தூக்குவாளி, பாய், கைக்குழந்தை சகிதம் ஊரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நேற்றுவரை வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த ஆசாமி ஒருவன் இவரைப் பார்த்து, "வாங்க கார்டு, உள்ள போலாம்" என்று கூப்பிட்டான்.

கவுண்டரில் யுவராணி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அட்டையை நீட்டினார்.

"இன்னிலருந்து என்ட்ரி ஃப்ரீங்க" என்றாள் அவள். "உள்ள ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியா காசு. கையில பட்டை கட்டிவுடுவோம், அதுல பணம் ஏத்திக்கணும்."

"அப்ப என் கார்டு?"

"அது செல்லும்ங்க. உங்களுக்கு என்ட்ரி ஃப்ரீ."

"அதான் எல்லாருக்கும் ஃப்ரீயாச்சே."

"ஆமாங்க. உங்களுக்கும் ஃப்ரீ."

பச்சியப்பன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சம்பந்தியை நிழலில் நிற்கவைத்துவிட்டு நேரே மேனேஜர் மாதவராஜின் அறைக்குப் போனார். விலையைக் குறை என்று சண்டை போடுகிறவர்களை உலகம் பார்த்திருக்கிறது. விலையை ஏற்று என்று ஒருவர் கேட்டதை மாதவராஜ் அன்றுதான் பார்த்தார்.

"கண்டவனையெல்லாம் சும்மா உள்ள வுடுறீங்களே, இது நாயமா சார்? காசு வாங்குங்க. இருக்கறவன் குடுக்கட்டும், இல்லாதவன் வெளிய நிக்கட்டும். அப்பத்தான சார் உள்ள போறவனுக்கு ஒரு மதிப்பு."

"ஐயா, வாசல்ல வெல போட்டா போர்டைப் பாத்துட்டு வண்டிய ஒகேனக்கல்லுக்குத் திருப்பிடறாங்க" என்றார் மேனேஜர் பொறுமையாக. "வாசல் சும்மான்னா உள்ள வந்துடறாங்க. அதுக்கப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். புள்ளைங்க பாத்துக்கும்."

"புள்ளைங்க என்னா பண்ணும்?"

"அழுவுமில்லீங்க."

ஆனால் மாதவராஜ் சாமானியர் இல்லை. வாசலில் ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தால் வியாபாரம் கெடும் என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய், ஐஸ் வண்டி வருகிற பக்கவாட்டு கேட்டைத் திறக்கச் சொன்னார். சிவப்புக் கயிறு கட்டினார்கள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து 'வி.ஐ.பி. நுழைவு, ஆளுக்கு நூறு ரூபாய்' என்று எழுதி மாட்டினார்கள். "இதுல உங்க கார்டுக்கு இலவசம். போதுங்களா?" என்றார். பச்சியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தக் கேட்டும் இந்தக் கேட்டும் போய்ச் சேருகிற இடம் ஒரே சிமெண்டுத் தரைதான். அப்படியிருந்தும், காசில்லாத வாசலில் நின்றிருந்தவர்களில் கொஞ்சம் சட்டை மடிப்புக் கலையாதவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து கயிற்றுப் பக்கம் வந்தார்கள். தருமத்துக்குப் போகிற வாசலில் நாம் ஏன் நிற்க வேண்டும் என்று ஒருவன் பெண்டாட்டியிடம் சொன்னான். நூறு ரூபாய் கொடுத்து ஐஸ் வண்டி வாசலில் நுழைய ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

ராமக்காள் இதையெல்லாம் பார்த்தாள். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய வாசல் வழியாக உள்ளே போய்விட்டாள்.

பச்சியப்பன் சம்பந்தி கூட்டத்தைக் கயிற்றுக்கு அழைத்து வந்து அட்டையை நீட்டினார். இப்போது கயிற்றுப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்த யுவராணி அதை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒருத்தருக்குத்தாங்க. மத்தவங்களுக்கு ஆளுக்கு நூறு" என்றாள்.

பக்கத்திலேயே பெரிய வாசல் திறந்து கிடந்தது. பச்சியப்பன் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். மாயவன் முகம் மாறியது. "என்னாங்க சம்பந்தி, நீங்க மட்டும் இதுல போவீங்க, நாங்க ஓசி வாசல்ல போறதா?" என்றார்.

ஆடிச் சீராக மாப்பிள்ளை கையில் கொடுக்க ராமக்காள் பால் காசில் சேர்த்து மடித்துத் தந்த பணம் பச்சியப்பனின் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து அத்தனை பேருக்கும் கட்டினார். வாசல் சும்மா கிடந்த ஒரு நாளில், வேண்டும் என்று கேட்டு வாங்கிய கட்டணத்தை, கேட்டவரே கட்டி நுழைந்தார்.

உள்ளே போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சறுக்குக்குக் காசு, ராட்டினத்துக்குக் காசு, குளத்தில் காலை நனைக்கக் காசு, செருப்பை விட்டுவைக்கக் காசு. சட்டைப்பை காலி. வி.ஐ.பி. வாசலில் வந்த சனம் மொத்தமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர்கள் சறுக்குவதை வேடிக்கை பார்த்தது. காவியா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ரைடெல்லாம் வேணாம்ப்பா, தலை சுத்தும்" என்றாள். அது பொய் என்று அவருக்குத் தெரியும்.

ராமக்காள் எல்லோருக்கும் சோறு போட்டாள். மாயவன் மட்டும் ஏக சந்தோஷமாக இருந்தார். கை கழுவி வந்து பச்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, ஒரு விசயம். நம்ம ரோட்டு நெலத்தைக் கேட்டு ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. இதே மாதிரி பார்க்குதான் கட்டறாங்களாம். வெல ரொம்பக் கொறைச்சலா சொன்னாங்கன்னு தட்டிக் கழிச்சிட்டேன். இன்னிக்கு ஒங்களுக்கு நடக்கற மரியாதையப் பாத்ததும் மனசு மாறிடுச்சுங்க. வெல கொறைஞ்சா போவுது, இந்த மாதிரி ஒரு கார்டு குடுத்தா கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அந்த நிலம்தான் இளம்பரிதிக்கு இருக்கிற ஒரே சொத்து. அதாவது காவியாவுக்கு இருக்கிற ஒரே சொத்து. பச்சியப்பன் ராமக்காளைப் பார்த்தார். அவள் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் எந்தப் பேச்சுக்குப் பயந்து அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தாரோ, அந்தப் பேச்சை அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"வேணாம் சம்பந்தி" என்றார். "நான் ஏமாந்துட்டேங்க. குடோன்காரரு ரெண்டு மடங்கு குடுக்கறேன்னாரு. இந்த அட்டைக்கு ஆசைப்பட்டு அத்தனையும் வுட்டேன். வூட்ல அப்பவே சொன்னா, நாந்தான் கேக்கல. இது ஒண்ணுத்துக்கும் ஆவாதுங்க. வித்தா காசா வாங்குங்க, இல்லாட்டி விக்காதீங்க."

இந்த வார்த்தைக்காக எத்தனையோ நாள் காத்திருந்த ராமக்காளுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "அவரு சொல்றது நெசங்கண்ணா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேச்சுக்கு ஆமாம் போட்டது அதுதான் முதல் தடவை.

மாயவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இதான வேணாங்கறது. நீங்க மட்டும் தனி வாசல்ல ராசா மாதிரி போவீங்க, நாங்க பொறவால காசு கட்டிக்கிட்டு வரணும். எனக்கும் ஒரு கார்டு வந்துட்டா ஒங்க மவுசு கொறைஞ்சிடும், அதுக்குத்தான புருசனும் பொண்டாட்டியும் பேசி வெச்சிக்கிட்டுச் சொல்றீங்க?"

வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கம்பெனிக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ள, மேனேஜர் அறை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே நடந்தார். "சம்பந்தி, சம்பந்தி" என்று பச்சியப்பன் பின்னாலேயே ஓடினார். மாயவன் திரும்பிப் பார்க்கவில்லை.