ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு குளியலறை

குளியலறையை இடித்துக் கட்டலாம் என்று முடிவெடுத்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மனைவி கேட்கவில்லை, மாத்தூரில் இருக்கும் மகளும் சொல்லவில்லை. போன சித்திரையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்து முடித்த பிறகு, என் பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அங்கே தொடங்கியது.

எங்கள் வீடு திருவொற்றியூரில், தேரடியிலிருந்து கடல் பக்கம் போகும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. நாங்கள் குடிவந்தபோது வாசல், தெருவைவிட இரண்டு படி உயரம். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்துவிட்டது. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறோம். பெருமழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முன்பே குளியலறை ஓட்டை வழியாக மேலேறி வந்துவிடும், கறுப்பாக, எண்ணெய் மினுங்க. மழை விட்டதும் இந்தப் பக்கத்தில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "உங்க வூட்ல எவ்ளோ?" என்றுதான் கேட்பார்கள். கணுக்கால், முட்டி, கட்டில் கால் என்று பதில் வரும். நான் அங்குலத்தில் சொல்வேன். குளியலறைச் சுவரில் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதி, பிறகு நோட்டில் ஏற்றிவிடுவேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எடை போடுகிற இடத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். எதையாவது அளந்து எழுதாவிட்டால் அந்த நாள் வீணாகிவிட்டதாகத் தோன்றும்.

நோட்டின்படி மிக உயரமான கோடு பதினோரு அங்குலம். பாதுகாப்புக்கு நான்கு சேர்த்து, தரையை ஒன்றேகால் அடி உயர்த்தத் தீர்மானித்தேன். எங்கள் தெருவில் வசதியிருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான் இது.

மேஸ்திரி நெட்டுக்குப்பத்துக்காரர். சுவரில் இருந்த கோடுகளை விரலால் தொட்டுப் படித்தார்.

"இன்னா நைனா, புள்ள வளத்தி பாக்கற மாதிரி கோடு போட்டு வச்சிகீற?"

"ஒன்றேகால் அடி போதுமா?"

"அது போதும். ஆனா படி வைக்க எடம் கெடையாது. வெளிய படி வச்சா சமையல் ரூம் கதவு தொறக்காது. ஒரே ஏத்தா காலத் தூக்கி வச்சுத்தான் ஏறணும். வூட்ல வயசானவங்க யார்னா கீறாங்களா?"

"நாங்க ரெண்டு பேர்தான்" என்றேன். எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்திரண்டு. வேறு யாரையோ கேட்கிறார் என்றுதான் உண்மையாகவே நினைத்தேன்.

மூலையில் இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்த காலத்தில் பிடித்து வைப்பதற்காகக் கட்டியது. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டேங்க் வைத்த பிறகு அதற்கு வேலை இல்லை என்று, அதையும் உடைக்கச் சொன்னேன். சம்மட்டிச் சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"தொட்டி இன்னா பண்ணுச்சு உன்ன?"

"எடத்த அடைக்குது."

"அது பாட்டுக்கு ஓரமாத்தான இருந்துச்சு." கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம், "தம்பி, இவரு ஒரு தபா முடிவு பண்ட்டாருன்னா அப்பால இவரே நெனச்சாலும் மாத்த முடியாது" என்றாள். மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் பிறந்தது ராயபுரத்தில், ஏழு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை இருந்த வீட்டில். வரிசையில் நின்று, வெளியே யாராவது கதவைத் தட்ட, அரைகுறையாகக் குளித்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது இந்த வீட்டில் அவளுக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்றுதான். தனியாக, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் குளிக்கலாம். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடக் கூடாது.

ஆனி மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை வேலை முடிந்தது. முதலில் அவளைத்தான் குளிக்கச் சொன்னேன். இடது காலைத் தூக்கினாள், இறக்கினாள். வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை இழுத்து ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அங்கிருந்து அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. நல்லவேளை, புதுக் கதவைத் தாழ்ப்பாள் போட அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

"புடிச்சுனு எந்திரிக்க ஒண்ணுமே இல்ல" என்றாள். தொட்டி விளிம்பில் கையை ஊன்றித்தான் இத்தனை நாளும் எழுந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"முட்டி போயி நாலு வருசமாவுது. இன்னா, நோட்டு எடுத்தாரட்டா? எழுதிக்கிறியா?"

கையைக் கொடுத்துத் தூக்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அந்த நான்கு வருட நோட்டுகளையும் தேடினேன். மோட்டார் பழுது, மழை, காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களின் தலைப்புகள் எல்லாம் இருந்தன. அவள் முட்டி ஒரு வரியில்கூட இல்லை.

கைப்பிடி பொருத்தினோம். புது டைல்ஸுக்குப் பின்னால் உப்பு அரித்த பழைய செங்கல்தான் இருந்தது. மூன்றாம் நாள் கைப்பிடி திருகாணியோடு பெயர்ந்து அவள் கையில் வந்துவிட்டது. விழவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் போகவில்லை. மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டேன்.

"ஒடைக்கலாம் நைனா. பைப்பையும் தோண்டி எடுக்கணும். பழைய மட்டத்துக்கு எறக்குனா பழைய தண்ணி வரும். நல்லா ரோசன பண்ணிக்கோ."

யோசித்துக்கொண்டே இருந்தேன். ஐப்பசிக் கடைசியில் மழை வந்தது. இந்த முறை சாக்கடை, சமையலறை ஓட்டை வழியாக வந்தது. வீட்டுக்குள் எட்டு அங்குலம். குளியலறையில் ஒரு சொட்டு இல்லை. என் அளவு தப்பவில்லை. கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்த அவளும் திறந்த கதவு வழியாக அந்த வெள்ளைத் தரையைப் பார்த்தாள். அப்போது மகள் போனில் அவளிடம் கேட்டாள் போலிருக்கிறது.

"பாத்ரூமா? சூப்பரா கீது. உங்கப்பா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வுடல" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

கைப்பிடி பெயர்ந்ததிலிருந்து அவள் குளிப்பது வெளியில்தான். பின்பக்கம் துவைக்கிற கல்லருகே ஒரு நாற்காலி போட்டு, கயிற்றில் பழைய புடவை கட்டியிருக்கிறேன். பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்வாள். வாளியிலிருந்து நான் மொண்டு ஊற்றுவேன்.

"மூஞ்ச அந்தாண்ட திருப்பினு ஊத்து" என்பாள்.

திருப்பிக்கொண்டு ஊற்றினால் பாதி தரையில் போகிறது. பக்கத்து மாடியில் யாராவது நடந்தால் கையால் தோளை மூடிக்கொள்கிறாள். இரண்டு வேளை குளித்தவள், மார்கழியில் ஒரு வேளை ஆனாள். மாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள். இந்தப் பங்குனியில் வாரத்துக்கு இரண்டு தரம்கூட இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு வேணாம். வேர்வையே இல்ல" என்றாள்.

கழுத்திலிருந்து வியர்வை இறங்கி அவள் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. சரி என்று சொல்லி, வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.