மாந்தளை அரண்மனையில் மாமனார் கேட்ட உத்தரவு

என் மாமனாருக்குக் கண்ணில் படலம் விழத் தொடங்கிய வருஷம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தோ இருபத்தாறோ, சரியாக நினைவில்லை. அவர் ரங்கூனில் க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் பக்கத்தில் பாய் விற்றுக்கொண்டிருந்தார். நானும் என் மனைவியும் அதே ஊரில், அலோன் பேட்டையில் இருந்தோம். நான் அங்கே கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. நான் முருகனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத தமிழன். அவர் புத்தரைக் கும்பிடும் பர்மாக்காரர். பெண்ணை எனக்குக் கொடுத்த பிறகு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் "கலா மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர்களைப் பர்மாக்காரர்கள் சொல்லும் பெயர் அது. வேறு யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவர் சொல்லி எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டுத் தடுமாறி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கலா மாப்பிள்ளை, என்னை மாந்தளைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"என்ன மாமா திடீர்னு?"

"அரண்மனையைப் பாக்கணும். இப்ப யாரு வேணும்னாலும் உள்ளே போய் வேடிக்கை பாக்கலாமாமே. சீனாக்காரன் போறான், சூரத்திக்காரன் போறான். நான் போகக் கூடாதா?"

அவர் அந்த அரண்மனையில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். கடைசி ராஜா காலத்தில் வெற்றிலைப் பெட்டி தூக்கும் ஆட்களில் ஒருவர். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஆனால் அங்கிருந்து எப்படி வந்தார் என்று அன்றுதான் சொன்னார். வெள்ளைக்காரப் பட்டாளம் ஆற்று வழியே வந்து இறங்கியதும் அரண்மனைக்குள் ஒரே கூச்சலாம். அவரவர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடிவிட்டார். ராஜா அப்போது உள்ளேதான் இருந்தார். அவரைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது அதற்குப் பிறகுதான்.

"ராஜா 'போ'ன்னு சொல்லாம அந்தக் கூடத்தை விட்டு ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். நான் எந்திரிச்சு ஓடினேன். நாப்பது வருஷமா நான் ஓடிப்போனவன்தான். கண்ணு இருக்கும்போதே போய் உத்தரவு வாங்கிக்கணும்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க யாருப்பா இருக்காங்க உத்தரவு குடுக்க?"

"இடம் இருக்குல்ல" என்றார்.

எனக்கு அது புரிந்தது. நடை சாத்திய கோயிலுக்கு முன்னாலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஜாதி நாங்கள். கிட்டங்கியில் மூன்று நாள் லீவு கேட்டு வாங்கினேன். மூன்று பேரும் ரயிலேறினோம்.

மாந்தளையில் கோட்டைச் சுவரைச் சுற்றி அகழி, அகழி நிறையத் தாமரை. பாலத்தில் கால் வைக்கும் முன்பே மாமனார் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குடையை மடக்கு" என்றார் மகளிடம்.

"வெயில் கொளுத்துதுப்பா!"

"ராஜா வீட்டு எல்லைக்குள்ள குடையா? மடக்குடி."

அவள் மடக்கினாள். நானும் செருப்பைக் கழற்றினேன். கோட்டைக்குள் பட்டாளத்து வீடுகள் வரிசையாக இருந்தன. சிப்பாய்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கொதிக்கிற மண்ணில், எங்கோ இருக்கிற அரண்மனைக்கு மூன்று பேரும் வெறுங்காலோடு நடந்தோம். அவர் மட்டும் சுடுகிற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அரண்மனைக் காவல்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். என் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "செருப்பைப் போட்டுக்குங்கண்ணே. துரைங்க பூட்ஸோடதான் திரியிறாங்க. இங்க என்ன சாமியா இருக்கு?" என்றார். சிம்மாசனத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். நான் அதை மாமனாருக்குப் பர்மியில் சொல்லவில்லை.

முழுக்க மரத்தால் கட்டிய கூடம். தேக்கு மரத் தூண்கள், கட்டிப்பிடித்தால் கை எட்டாது. தங்கம் பூசியது பாதி உரிந்திருந்தது. வௌவால் நாற்றம். சிம்மாசனம் இருந்த இடத்துக்கு நேராக வந்ததும் மாமனார் மகளின் கையை உதறினார். முழங்காலை மடக்கி, இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றி, நெற்றிக்கு நேராகக் கை கூப்பிப் படுக்காத குறையாகக் குனிந்தார். பதினெட்டு வயதுப் பையனைப் போல உடம்பு அப்படி வளைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகா, இந்த மனுஷன் மனசு ஆறட்டும் என்று நானும் கை கூப்பினேன்.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, போதும்ப்பா. எந்திரிங்க."

"இன்னும் உத்தரவு ஆகலை."

அதற்கு மேல் அவள் என்ன சொல்லியும் அவர் அசையவில்லை. முழங்கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. தொட்டுத் தூக்கப் போனேன். நெருப்புப் பட்டவர் போலச் சிலிர்த்தார். ராஜா சன்னிதியில் இருப்பவனை யாரும் தொடக் கூடாதாம். என் மனைவி அழ ஆரம்பித்தாள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு துரையும் துரைசாணியும் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள். துரை காவல்காரரிடம் ஏதோ கேட்டார்.

காவல்காரர் என்னிடம் வந்தார். "இந்தக் கூத்து தினம் எத்தனை மணிக்கு நடக்கும்னு கேக்குறாரு துரை. யோவ், எழுப்புய்யா பெரியவரை! ராசா போய் நாப்பது வருஷமாச்சு. இவரு இப்பத்தான் வேலைக்கு வந்திருக்காராக்கும்!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. நமக்குப் பெரியவரு."

"எனக்கென்ன? நான் கதவைச் சாத்தணும்."

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் போய், இந்தக் கிழவருக்கு ஒரு வார்த்தை 'போ' என்று சொல்லுங்கள் என்று கேட்பது? அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி தோன்றியது. எங்கள் கோயிலில் எத்தனை நேரம் பூஜை நடந்தாலும் கற்பூரம் காட்டியதும் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அதுதானே உத்தரவு? எங்கே போனாலும் மடியில் கற்பூரப் பொட்டலம் வைத்திருக்கிறவன் நான். இரண்டு வில்லையை எடுத்து, கூட இருந்த வெற்றிலையின் மேல் வைத்துக் கொளுத்தினேன். சிம்மாசனம் இருந்த இடத்தைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மாமனார் முன்னால் கொண்டுபோய்க் காட்டினால் எழுந்துவிடுவார் என்று நம்பினேன்.

"அடப்பாவி! மரக் கட்டடம்யா! மரம்!"

காவல்காரர் பாய்ந்து என் கையைத் தட்டினார். வெற்றிலை ஒரு பக்கம் போயிற்று. கற்பூரம் எரிந்துகொண்டே பலகையில் உருண்டது. துரைசாணி வீறிட்டாள். பூட்ஸ் கால்கள் தடதடவென்று ஓடின. நான் விழுந்து உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் உரிந்துவிட்டது. பலகையில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருப்பு விழுந்தது, அவ்வளவுதான்.

தலையைத் தூக்கினால் மாமனார் அங்கே இல்லை.

புகை நாற்றம் மூக்கில் ஏறி, அந்தக் கூச்சலும் காதில் விழுந்ததும் எழுந்து ஓடியிருக்கிறார். கண் சரியாகத் தெரியாத மனுஷர், தூணில் தோளை இடித்துக்கொண்டு, வெளிப்படிவரைக்கும் ஓடியிருக்கிறார். நான் போனபோது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ராஜாவுக்கு முதுகைக் காட்டிட்டேனா?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லப்பா. முகம் உள்ளே பாத்தபடி பின்னுக்கேதான் நடந்து வந்தீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "கலா மாப்பிள்ளை, நீ சொல்லு."

திருநீறு பூசிய நெற்றியோடு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நிஜத்தைச் சொல்லவும் வரவில்லை. தூணில் இடித்த அவர் தோளை நல்ல கையால் தடவினேன். அதிலேயே அவர் தெரிந்துகொண்டார்.

திரும்ப ஒருமுறை உள்ளே விடுங்கள் என்று காவல்காரர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "மேலே தெரிஞ்சா என் சோறு போயிடும். இன்னிக்குமில்ல, நாளைக்குமில்ல. போயிடுங்கண்ணே" என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ரயிலில் மாமனார் என் கைப்புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தேடச் சொல்லி மகளை விரட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அவரை அலோனுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டோம். தினமும் முருகன் முன்னால் நிற்கும்போது நான் அவருக்காகத்தான் கேட்டேன். என் புத்தியால் கெட்டதை நீ சரிபண்ணு என்று கேட்டேன். ஒருநாள் மனசு தாங்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நான் மட்டும் மாந்தளைக்குப் போயிட்டு வரேன். உங்களுக்குப் பதிலா நான் அங்க குனிஞ்சு உத்தரவு கேட்டுட்டு வரேன். எத்தனை நாளானாலும் எந்திரிக்க மாட்டேன்."

கையை நீட்டி என் முகத்தைத் தடவிப் பார்த்தார். நெற்றி, மூக்கு, மீசை. மெல்லச் சிரித்தார்.

"உன்னை ராஜாவுக்குத் தெரியாதே" என்றார்.