தகப்பனின் தொழில்: கமம்

“கடலில இருந்து கரையேத்தத்தானே உன்னைப் படிப்பிச்சது. இப்ப ஐஸுக்குள்ள ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போறன் எண்டு நிக்கிறாய். உனக்கென்ன விசரே?” என்று சின்னம்மா கேட்டார். மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் அவருடைய வீட்டில்தான் நான் மூன்று வருடமாக இருக்கிறேன். அவர் அம்மாவின் தங்கை. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் இறப்பர் சப்பாத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். எவ்வளவு கழுவினாலும் அதில் மீன் மணம் போகாது. கட்டிடத்தின் லிப்டில் ஏறினால் ஆட்கள் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். முதல் மாதம் கூசியது. பிறகு அது எனக்கு வசதியாகிவிட்டது, ரொறன்ரோவில் ஒரு லிப்டில் இவ்வளவு இடம் வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

ஸ்காபரோவில் உறைந்த மீன் பொதி செய்யும் ஒரு ஆலையில் எனக்கு வேலை. பெட்டிகளில் வரும் மீன்களில் டர்பட் என்று ஒரு தட்டையான மீன் உண்டு. ஆழத்தில் வாழ்வது, வெள்ளைச் சதை, எண்ணெய் கூடியது. அந்தப் பெட்டிகளின் பக்கத்தில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு ஊரின் பெயர் இருக்கும், கீழே ஆங்கிலத்தில் பாஃபின் தீவு. நூலகத்துக் கணினியில் தேடிப் பார்த்தேன். கனடாவின் வடக்கு முனையில் இனுயிட் மக்களின் ஊர். குளிர்காலத்தில் கடல் உறைந்த பிறகு அதன் மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களை இறக்கிப் பிடிக்கிறார்கள். தேடிக்கொண்டு போக, அந்த ஊர்களில் நடக்கும் மீன்பிடி, கடற்தொழில் பயிற்சி பற்றிய அறிவித்தலும் வந்தது. தளத்து வேலை, கடற் பாதுகாப்பு, எஞ்சின் அறை. எஞ்சின் அறை என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊரில் அதை யாரும் சட்டமாகச் சொல்வதும் இல்லை, மீறுவதும் இல்லை. ஆனால் எஞ்சினைப் பற்றி அந்த வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மீன்பிடித் தொழிலால் வந்ததும் அப்பா வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார், விட்டுவிட்டு வந்தால் மறுநாள் இருக்குமோ தெரியாது. அம்மா எனக்குப் பத்து வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. ஆகவே படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் மரக்கட்டையில் அந்த எஞ்சின் நிற்கும். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில், ஊசி மருந்துப் போத்தலில் வைத்த சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் பிளக்கைக் கரியாக்கும். அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், ஏ.எல். என்ற உயர்தர வகுப்பில் கணிதம் வரை படித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, பழகவும் விருப்பமில்லை.

இவ்வளவும் இருந்தும் பயிற்சிக்கான முதல் விண்ணப்பத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? கடல் அனுபவம்: இல்லை. எஞ்சின் அனுபவம்: இல்லை. தகப்பனின் தொழில்: கமம். மீன்பிடிக்கும் அப்பாவை விவசாயியாக்கினேன்.

புலம்பெயர்ந்த நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஏன் என்று விளங்கும். ஊரில் இருப்பவர்களுக்கும் விளங்கும். நான் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் எழுதிய நாளில், படிவம் நிரப்பித் தந்த அண்ணை பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தங்கச்சி, கடல் எண்டு எழுதாதை. கடல் எண்டால் வள்ளம் எண்டுவாங்கள். வள்ளம் எண்டால் இயக்கத்தில ஆரை ஏத்தினது எண்டு கேப்பாங்கள். கமம் எண்டு போடுவம். வெங்காயத்தை ஒருத்தரும் சந்தேகப்படாயினம்.” அப்படியே போட்டோம். என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சின்னம்மாவுக்கும் அது வேறொரு வகையில் நிம்மதி. றிச்மண்ட் ஹில் கோயிலில் யாராவது அன்ரி, “பிள்ளை எந்தப் பக்கம்? கரையோ, உள்ளுக்கோ?” என்று இழுத்துக் கேட்டால், நான் வாய் திறக்க முன்னர் சின்னம்மா “உள்ளுக்கு” என்பார். எனக்குச் சம்பந்தம் பேசும் நினைப்பு அவருக்கு, கரை என்றால் சாதியும் சேர்ந்து தெரிந்துவிடும். எனக்கு அந்த “உள்ளுக்கு” ஒவ்வொரு முறையும் முள்ளுப்போலக் குத்தும்.

பயிற்சிக்கான அந்த முதல் விண்ணப்பத்தை எழுதியது போர் முடிந்த வைகாசி மாதத்தில். வேலை முடிந்ததும் சப்பாத்து மணத்தோடு டவுன்ரவுணுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்ற சனத்தோடு நானும் நிற்பேன். அப்பா வன்னிக்குள் இருந்தார், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. பிறகு முகாமில் இருப்பதாகத் தெரிந்தது. முகாமில் அவரும் தன்னைக் கமக்காரன் என்றுதான் பதிந்திருந்தார், ஒருவரோடு ஒருவர் பேசாமலே நாங்கள் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தோம். ஏற்கெனவே அகதிக் கடதாசியில் கமம் என்றிருக்க, இந்த நாட்டின் இன்னொரு கடதாசியில் நான் எப்படிக் கடல் என்று எழுதுவேன்? இரண்டு வரியில் மறுப்பு வந்தது. அனுபவம் போதாது.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பஸ்ஸில் இருக்கை கிடைத்தாலும் எழும்பி நிற்பேன். மறுப்புக் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எலிஸாபி என்று ஒரு பெண் எடுத்தார், பயிற்சிக்கு ஆள் எடுப்பவர் அவர்தான். ஏன் மறுத்தீர்கள், திரும்ப எழுதலாமா என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமில்லை. “ஹலோ? ஹலோ?” என்றேன். ஒன்றுமில்லை. வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். திரும்பவும் அப்படியே. ஊருக்கு ரெலிபோன் அட்டை போட்டுப் பேசிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு, மூன்று விநாடி சத்தம் வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் முறை அவரே முந்திக்கொண்டு கேட்டார்: “ஏன் ஒவ்வொரு முறையும் வைக்கிறாய்? நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.” கேள்வி கேட்டவரை மதிப்பதென்றால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டுமாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அவர் யோசித்தார். அடுத்த சுற்றுக்கு எழுது, ஆனால் உண்மையில் உனக்கு என்ன தெரியும் என்று எழுது என்றார்.

மாரியில் அப்பாவை முகாமில் இருந்து விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்து பேசினார். குரல் மெலிந்திருந்தது, பகிடி மெலியவில்லை.

“மகள், அங்க குளிரே?”

“ஓமப்பா. நீங்கள் எப்பிடி?”

“நான் இப்ப பெரிய கமக்காரன். முகாமில ஒருத்தன் கூப்பிட்டுக் கேட்டான், வெங்காயத்துக்கு எத்தினை நாளைக்கு ஒருக்கால் தண்ணி விடுறனீ எண்டு. நான் கடல் வத்துப்பெருக்கைப் பாத்து எண்டு சொல்லப் பாத்திட்டன்.”

நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு வேறாகிவிட்டது. கொஞ்சம் ஆறிய பின் கேட்டேன்: “அப்பா, இஞ்ச ஒரு கடதாசியில உங்கட தொழிலை உள்ளபடி எழுதவேணும். எழுதினா உங்களுக்கு ஏதும் வருமோ?”

“எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்து போட்டுது. உனக்கு வருமோ?”

“தெரியாது.”

“அப்ப நீதான் முடிவெடுக்கவேணும். எழுதிறதெண்டா வடிவா எழுது. அது பதினைஞ்சு குதிரை எஞ்சின். எட்டு எண்டு போட்டிடாதை.”

பதினைந்து என்றே எழுதினேன். ஊசிப் போத்தல், மண்ணெண்ணெய், பிளக் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு கிழமையில் எலிஸாபி அழைத்தார். இரண்டு விண்ணப்பங்களும் மேசையில் இருக்கின்றன என்றார். “ஒன்றில் கமக்காரர். மற்றதில் மீனவர். எது?”

“மீனவர். பயத்தில் மாற்றி எழுதினேன். அகதி விண்ணப்பத்திலும் அப்படித்தான் இருக்கிறது.”

மௌனம். இந்த முறை நான் வைக்கவில்லை. காற்றைப் போல ஏதோ இரைந்தது, அது லைனோ அவருடைய ஊரோ தெரியவில்லை.

“என் தகப்பனுக்கு அரசாங்கம் பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கம் கொடுத்தது,” என்றார் கடைசியில். “தகட்டில் அடித்துக் கழுத்தில் போடச் சொன்னார்கள். கடதாசியில் இருக்கும் ஆள் வேறு, வீட்டில் இருக்கும் ஆள் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் வருபவர் ஒரு ஆளாக வர வேண்டும். அகதிக் கடதாசியிலும் திருத்திவிட்டு வா. இன்னொன்று, பயிற்சியில் இடம் முதலில் எங்கள் ஆட்களுக்கு. மீதி இருந்தால், இங்கே வந்து வாழ்ந்து வேலை செய்பவர்களுக்கு. மீன் ஆலையில் ஆள் தேவை. விருப்பமென்றால் வா.”

முதலில் எனக்குச் சுர்ரென்றது. பிறகு அப்பா தன் சொந்தக் கடலில் இறங்க நேவியின் பாஸுக்காக வெயிலில் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. தங்கள் கடலுக்குத் தாங்களே முதல் என்று சொல்லக்கூடிய ஒரு சனத்தின் குரலை அன்றுதான் கேட்டேன். பொறாமையாக இருந்தது. வரிசையின் கடைசியில் நிற்பது எனக்குப் புதிதுமில்லை.

திருத்துவதற்கு முன் ஒரு வக்கீலிடம் போனேன், அவர் சின்னம்மாவையும் இருத்திவைத்து விளக்கினார். திருத்தினால் ஒன்றும் நடக்காமல் போகலாம், கோப்பைத் திறந்து மறுபடி கேட்கவும் கூடும். உறுதி சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்னம்மா அழுதார். “ஆரும் கேக்காமலே போய் மாட்டுப்படுறியே. பேசாமல் இருந்தால் இஞ்ச ஒரு குறையுமில்லை.” அவர் சொன்னது பிழையில்லை. இந்த நகரில் உள்ளுக்கு என்று சொல்லிக்கொண்டே நான் நன்றாக வாழ்ந்து முடித்துவிடலாம். ஆனால் ஊரில் கடற்கரைப் பிள்ளை என்று பெயர் கூப்பிட்டு வகுப்பில் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பிள்ளையை இங்கே வந்து நானே இல்லாமல் செய்வதென்றால், எறிகணை செய்த வேலையில் மிச்சத்தை நான் செய்வதுபோல இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, அப்பா மீனவர் என்று திருத்திய சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டேன். பதில் வர மாதங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை வேலை செய்யத் தடையில்லை. வடக்கு ஆலையில் இருந்து வேலைப் படிவம் ஃபக்ஸில் வந்தது. அதன் கடைசியில் ஒரு கேள்வி: விபத்து நேர்ந்தால் உங்கள் வீட்டாருக்கு அறிவிக்க வேண்டிய முகவரி. ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். மோர்னிங்சைட் முகவரியை எழுதினேன். இடம் போதாமல், அப்பா இருக்கும் யாழ்ப்பாணத்து ஒழுங்கையின் பெயரைச் சின்ன எழுத்தில் ஓரத்தால் வளைத்து, படிவத்தின் விளிம்பு வரை கொண்டுபோனேன். நேற்றுக் காலை அதை ஃபக்ஸிலேயே திருப்பி அனுப்பினேன். விளிம்பில் இருந்த கடைசி நாலு எழுத்தும் அந்தப் பக்கத்துக் கடதாசியில் விழுந்ததோ தெரியாது. வியாழக்கிழமை வடக்குக்கு விமானம்.