‘யாருமில்லாத கடற்கரை’ என்று நான் எழுதிய இடம்

மூன்று வருடங்களுக்கு முன் இதே வலைப்பதிவில் ‘யாருமில்லாத கடற்கரை’ என்றொரு கட்டுரை எழுதினேன். தூத்துக்குடிக்கு வடக்கே, சின்ன வயதில் அப்பாவோடு போன ஒரு கடற்கரையைப் பற்றியது. ஜூன் மாதம் போயிருந்தேன். மணலில் நண்டுத் தடத்தைத் தவிர ஒன்றுமில்லை. “அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நால்வரும் தனியாக உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட இடம். முப்பத்தைந்து வருடங்களாகியும் அந்தத் தனிமை மாறவில்லை” என்று உருகி உருகி எழுதினேன். நீங்களும் உருகினீர்கள். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

போன நவம்பரில் அதற்கு ஒரு பின்னூட்டம் வந்தது.

“அக்கா, நீங்க வந்தது கச்சான் காலம். நாங்க வாடைக்குத்தான் அங்கன இருப்போம். நீங்க எழுதுனத எடுத்துக்கிட்டுத்தான் எங்க இடத்துல யாருமே இல்லன்னு சொல்லுதாவ. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. மெர்சி.”

பதில் போட்டு, எண் வாங்கிப் பேசினேன். கச்சான் என்பது நடுவருடத்தில் வீசும் தென்மேற்குக் காற்று, வாடை என்பது வருடக் கடைசியில் தொடங்கும் வடகிழக்குக் காற்று. மெர்சி அந்தக் கரையில் மீன் ஏலம் விடுகிறவள். யாரோ அங்கே சொகுசு விடுதி கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். ‘பயன்பாட்டில் இல்லாத நிலம்’ என்பதற்கு ஆதாரமாக என் கட்டுரையைப் படங்களோடு அச்செடுத்துச் சேர்த்திருக்கிறார்களாம். ஆட்சேபம் சொல்ல ஜனவரிக் கடைசி வரைதான் அவகாசம். போனை வைக்கும்போது மெர்சி கேட்டாள்: “சின்னப் பிள்ளையில வந்தேன்னு எழுதியிருக்கியளே, போட்டோ எதும் இருக்காக்கா?”

இருந்தது. பன்னிரண்டு வருடமாக என் அலமாரியில்தான் அந்த ஆல்பம் இருக்கிறது. கட்டுரை எழுதுமுன் ஒரு தடவை திறந்திருக்கலாம். நான்தான் நினைவே போதும் என்றிருந்தேன். படத்தில் அப்பா, அம்மா, நான். தம்பி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறான். எங்களுக்குப் பின்னால் வரிசையாக ஓலைக் கொட்டகைகள்!

ஜனவரி மூன்றாவது வாரம், சென்னையிலிருந்து இரவு ரயில். காலை 6.40க்குத் தூத்துக்குடி. இறங்கியதும் அந்த உப்பும் கரித்தூளும் கலந்த வாடை. அப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடு முழுக்க இதே வாடைதான் வரும். நடைமேடையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஊர் மட்டும் இன்னும் அவர் சட்டை மாதிரியே இருக்கிறது.

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் இட்லி, வடை, காபி: 65 ரூபாய். 7.50க்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து. கரைக்குப் பாதை பிரியும் விலக்கு வரை 31 கிலோமீட்டர், 35 ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டு பக்கமும் உப்பளம். ஜூனில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்தார்கள். இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது, அதில் நாரைகள். அரையாண்டு லீவில் இதே சாலையில் ஜன்னல் சீட்டுக்காகத் தம்பியோடு அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அரையாண்டு லீவு என்றால் டிசம்பர். டிசம்பர் என்றால் வாடைக்காற்று. இவ்வளவு எளிய கணக்கு எனக்கு ஏன் உறைக்கவில்லையோ!

விலக்கிலிருந்து கரைக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“விடுதிக்காரங்களாக்கா?”

“இல்ல அண்ணாச்சி, மெர்சியப் பாக்க வந்தேன்.”

“அப்பச் சரி. விடுதிக்காரவன்னா இங்கனயே இறக்கி விட்டிருப்பேன்” என்று சிரித்தார். அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

கடைசித் திருப்பம் தாண்டியதும் சத்தம் கேட்டது. படகுகள், வலைகள், ஏலம், ரேடியோ, சண்டை, கோழி. மூன்று ஊர்க்காரர்கள் வாடைக்காலத்துக்கு இங்கே வந்து தங்குகிறார்கள். நாற்பத்தொரு கொட்டகைகள். கச்சான் எழுந்தால் இந்தப் பக்கம் கடல் ஏறிவிடும். எல்லாரும் ஓலையைப் பிரித்துக்கொண்டு, கடல் அமைதியாக இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் போய்விடுவார்கள். முத்துக்குளித்த காலத்திலிருந்தே இப்படித்தான் என்றாள் மெர்சி. நாற்பது வயதிருக்கும். ஏலம் விட்டே கட்டிப்போன குரல்.

“ஆறு மாசம் நாங்க இருப்போம், ஆறு மாசம் கரை தன்னப்போல கிடக்கும். அதுக்கும் ஓய்வு வேணும்லா? நாங்க இல்லாதப்பத்தான் நண்டெல்லாம் வந்து வள தோண்டுது.”

“சரி, திரும்பி வரும்போது யார் இடம் எதுன்னு எப்படித் தெரியும்?”

“வாங்க, காட்டுதேன்.”

ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஒரு கல் கிடந்தது. கனமானது, மேல்பக்கம் துளை. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பவர்கள் துளையில் கயிறு கட்டி, அதில் கால் வைத்து ஆழத்துக்கு இறங்கிய கல். முத்துக்குளிப்பு நின்ற பிறகு வீட்டுக்கொரு கல் தங்கிவிட்டது. ஒவ்வொன்றிலும் அந்தந்தக் குடும்பத்தின் குறி செதுக்கியிருக்கிறது. கச்சானுக்குக் கிளம்பும்போது தங்கள் இடத்தில் இரண்டு முழம் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போவார்கள். வந்ததும் தோண்டியெடுத்து அங்கேயே ஓலை போடுவார்கள். ஒரு குடும்பம் வரவில்லையென்றால் மூன்று வாடைக்கு அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். ஜூனில் நான் துண்டு விரித்துப் படுத்தது யார் வீட்டு வாசலோ!

மெர்சியின் பக்கத்துக் கொட்டகை சூசை அண்ணனுடையது. கொண்டுபோயிருந்த ஆல்பத்தைத் திறந்து அவரிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார். அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“ஏளா மெர்சி, இங்க பாரு. இந்தப் பய உக்காந்திருக்கது எங்க கல்லுலா!”

சிலுவை, அதன்கீழ் இரண்டு கோடு. அதே குறியோடு அந்தக் கல் அவர் வாசலில் கிடந்தது, மேலே ஈரச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் பாதிக் கரை கூடிவிட்டது. கட்டுரை எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பெல்லாம் கிடக்கட்டும், வேலயப் பாப்போம்” என்றார் சூசை அண்ணன்.

வேலை மதியம் மூன்று மணி வரை போனது. கல் கல்லாகப் போய், குறியை வரைந்து, குடும்பப் பெயரை எழுதி, கைப்பேசியில் இடத்தைக் குறித்து, ஆட்சேப மனுவோடு வைக்க ஒரு வரைபடம் போட்டோம். நடுவில் மெர்சி கொட்டகையில் சோறும் ஊளி மீன் குழம்பும். பழைய கட்டுரையை இன்றே அழித்துவிடுகிறேன் என்றேன்.

“அழிக்காதிய” என்றாள் மெர்சி. “அச்செடுத்தது அவங்ககிட்ட இருக்குல்லா. அழிச்சா நாங்க சொல்லி அழிச்சியன்னுதான் பேசுவாவ. தப்பா எழுதிட்டேன்னு அதுலயே எழுதுங்க.”

போக விரும்புகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஊர்ப்பெயரை நான் எழுதவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டது அது. மின்னஞ்சல் போடுங்கள், மெர்சியிடம் கேட்டுச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்குள் போனால் ஏலம் பார்க்கலாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். மீனோ கருவாடோ அங்கேயே வாங்குங்கள். திரும்பக் கடைசிப் பேருந்து விலக்கில் 6.15. இந்தக் கரையென்றில்லை, எந்த இடத்திலும் ஆளைக் காணவில்லையென்றால், எழுதுமுன் பக்கத்து ஊரில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அவர்கள் எப்போது வருவார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மனு கொடுத்தாயிற்று. முடிவு இன்னும் தெரியவில்லை. சாட்சிகள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

கிளம்பும்போது நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படத்தை மனுவோடு சேர்க்க ஆல்பத்திலிருந்து உரித்தோம். பசை காய்ந்திருந்ததால் மெல்ல வந்தது. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து, துறைமுக அலுவலகத்தின் நீல மையில். நான் வாய்விட்டுப் படித்தேன். மெர்சி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பழைய கட்டுரையின் தலைப்பை மாற்றவில்லை. அதற்கு நேர் கீழே அப்பா எழுதியதை அப்படியே போட்டிருக்கிறேன்:

“கிறிஸ்துமஸ் லீவு. சரியான கூட்டம். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டோம்.”