வேம்பைக் குடித்த புல்லுருவி

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் வரிசையாக நின்ற மூன்று வேப்பமரங்களில் முதல் மரத்தடியில்தான் நான் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஒரு கோடையில் அண்ணாந்து பார்த்தபோது, வேம்புக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த, அகன்ற இலைகள் கொத்தாகத் தொங்கின. புல்லுருவி. கிளைக்குள் வேரை இறக்கி மரத்தின் தண்ணீரை உறிஞ்சுவது. அதைத் தாண்டியிருந்த கிளைநுனிகள் ஏற்கெனவே மொட்டையாகியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ரம்பத்தோடு மரமேறினார். இலையைப் பிய்த்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு அறுக்க வேண்டும். அவர் அறுக்கத் தொடங்குவதற்குள் மனை புரோக்கர் பைக்கில் வந்து நின்றார். மரத்துக்குப் பின்னாலிருந்த வயலை பிளாட் போட்டு விற்பவர்.

"இன்னாம்மா பண்றீங்க? வேப்பமரத்துப் புல்லுருவி மகாலட்சுமி. அறுத்தா ஊருக்கே ஆவாது. வூட்டுக்காரர எறங்கச் சொல்லு."

"மரம் செத்துக்கினு கீது. கண்ணு தெரியலையாண்ணா?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் புரோக்கர் பக்கம். "நமக்கெதுக்கு வம்பு" என்று கணவர் இறங்கிவிட்டார். எனக்கு அவர்மேலும் ஆத்திரம். அந்த வெள்ளிக்கிழமையே மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, கற்பூரம் ஏற்றினார்கள். மரத்தைத் தின்பதற்குப் பூஜை! தினமும் அதன் கீழே நின்று பல்லைக் கடித்தேன்.

இரண்டு கோடை தாங்கியது. பிறகு பட்டுப்போனது. அதற்குள் குருவிகள் புல்லுருவிப் பழத்தைத் தின்று, பசை ஒட்டிய விதையைப் பக்கத்து இரண்டு மரங்களின் கிளைகளிலும் தேய்த்துவிட்டிருந்தன.

ஒருநாள் காலை பஸ்ஸுக்கு வந்தால், முதல் மரம் தரையில் கிடக்கிறது. மெஷின் ரம்பம் வைத்திருந்த ஆட்களுக்குப் பக்கத்தில் புரோக்கர்.

"பட்ட மரம்மா. யார் மேலயாவது வுழுந்தா? பர்மிஷன் வாங்கிட்டேன்."

மரம் நின்ற இடம் வழியாக அவருடைய பிளாட்டுக்குப் பாதை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பச்சை மரத்தை வெட்ட ஊர் விட்டிருக்காது. செத்த மரத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

"மகாலட்சுமி எங்கண்ணா போய்ட்டா?"

சிரித்தார். "பஸ் வந்துட்ச்சி பாரு. ஏறும்மா."

நான் ஏறவில்லை. வீட்டுக்கு நடந்தேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி, "ரம்பத்த எடுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

எல்லோரும் பார்க்க, மீதி இரண்டு மரங்களிலும் புல்லுருவி பிடித்த கிளைகளை அறுத்துத் தள்ளினார். "சாமி குத்தம்!" என்று புரோக்கர் கத்தினார். "வந்தா என் மேல வரட்டும், நீ போய்யா" என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல்தடவை. யாரும் குறுக்கே வரவில்லை. கிளைகளை இழுத்துப் போட்டு நானே கொளுத்தினேன்.

மழைக்குப் பிறகு ஒரு மரம் நன்றாகத் துளிர்த்தது. மற்றதில் ஒரு பக்கம் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. புரோக்கர் எதிரே வந்தால் இப்போதும் வணக்கம் வைக்கிறார். நான் வைப்பதில்லை.