கொலுசுச் சத்தம் எந்தப் பக்கம்

சென்ற ஆண்டு என் இடது காது ஒரே வாரத்தில் செத்துப்போனது. அதே ஆண்டில் மனைவிக்கு மறதி முற்றி, சொல்லாமல் வீட்டை விட்டு இறங்கிப் போகத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் ஐந்து முறை. அடையாறில் இரண்டாவது மாடி எங்களுடையது, முப்பத்தாறு படிகள்.

நடமாட்டம் தெரியட்டும் என்று தி.நகரில் கொலுசு வாங்கப் போனேன். "பேத்திக்கா ஐயா? என்ன வயசு?" என்றார் கடைக்காரர். எழுபத்தொன்று என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தார். காலுக்கு இருபத்திரண்டு மணி இருப்பதாகப் பார்த்து வாங்கினேன்.

சத்தம் நன்றாகவே கேட்டது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. அவள் சமையலறையில் நடந்தாலும் படுக்கையறையில் நடந்தாலும் எனக்கு எல்லாம் வலது தோளருகேதான். மயிலாப்பூர் காது டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பத்து இடங்களில் விரலைச் சொடுக்கினார். இரண்டுதான் சரியாகச் சொன்னேன்.

"ரெண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்ற நேரத்துல துளி வித்தியாசம் இருக்கும் சார். அத வெச்சுதான் மூளை திசையக் கண்டுபிடிக்கும். நேர் எதிர்ல சத்தம் ஒரு டிகிரி நகர்ந்தாக்கூடத் தெரியும். உங்களுக்கு ஒண்ணுதானே இருக்கு."

கொலுசு வாங்குமுன் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு நாள், காலை பதினொரு மணி. கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாழ்ப்பாள் போட மறந்தேன். கொலுசு கேட்டது. சமையலறை, குளியலறை, படுக்கையறை, பால்கனி என்று நான்கு இடங்களில் தேடுவதற்குள் சத்தம் தேய்ந்துவிட்டது. கீழே இறங்கித் தெருவுக்கு வந்தபோது பஸ் இரைச்சலுக்கு நடுவே மறுபடி கேட்டது. வலது பக்கம்தான் என்று நிச்சயமாக நினைத்து, எண்பது அடி நடந்திருப்பேன்.

"தாத்தா, அங்க இன்னாத்துக்குப் போய்க்கினுகீற? ஆயா இந்தாண்ட கீது."

அந்தக் குரலைத் தேடியும் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். தெருவின் மறு முனையில் இஸ்திரி போடும் பெண், என் மனைவியின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மனைவியின் முழங்காலில் ரத்தம்.

"ஆட்டோக்காரன் வண்டிய ஒடிச்சான், இல்லாங்காட்டி அவ்ளோதான். ஜல்ஜல்னு சத்தம் வர்து, நீ பாட்டுக்கு அந்தாண்ட போற."

அன்றிலிருந்து கதவு பூட்டியே இருக்கிறது. சாவி என் சட்டைப் பையில். அவள் என் முன்னால் வந்து நிற்கிறாள்.

"சார், கதவத் திறங்க. எங்க வீட்டுக்காரர் வெளியில என்னைத் தேடிக்கிட்டிருப்பார். அவருக்குக் காது சரியில்ல."

நேற்று ஒன்பது முறை கேட்டாள். முதல் நான்கு முறை, அது நான்தான் என்று சொன்னேன்.