பவுடரக்காவின் வியாழக்கிழமை

டப்பாவின் அடியில் இரண்டு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு. இடது உள்ளங்கையில் சின்னதாக ஒரு வெள்ளை மேடு விழும். அதை இரண்டு கைகளுக்கும் பங்கு போட்டுக் கழுத்தில் ஒரு சுற்று, பிடரியில் ஒரு இழுப்பு, பிறகு கைகளை மாற்றி மாற்றித் தூக்கி அக்குளில் பொத்துப்பொத்தென்று ஒரு சாத்து. மிச்சம் இருந்தால் முகத்துக்கு. இதை எதையும் அக்கா கண்ணாடியைப் பார்த்துச் செய்வதில்லை. கண்ணாடி சுவரில் இருக்கும். அக்காவின் கண் அடுப்பில் இருக்கும். காலை ஆறரை மணிக்கு அந்தச் சின்ன அறையில் ஒரு மேகம் எழும்பி, நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும் கணவரின் பக்கம் மெல்ல நகரும். அவர் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். மூன்றாவது தட்டு காதில் விழுந்ததும் கை தானாகப் போய் மூடிவிடும்.

"டீயில விழுது" என்பார்.

"விழுந்தா வாசமா இருக்கும். குடிங்க."

பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தில் அக்காவுக்கு வேலை. ஆறு மாடிப் படுக்கைகளின் விரிப்பும் உறையும் நோயாளிகளின் கவுனும் அங்கேதான் வந்து விழும். துவைக்கும் மெஷின்கள் ஒரு பக்கம் உறும, உருளை இஸ்திரி இன்னொரு பக்கம் ஆவி விட, நடுவில் நிற்பவர்கள் வெந்துகொண்டிருப்பார்கள். அக்காவின் முன்கையில் உருளை முத்தமிட்ட தழும்புகள் நாலைந்து உண்டு. காலையில் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு வருவார். பத்து மணிக்கு அது குழைந்து கோடாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையிலிருந்து ஒரு குட்டி டப்பா வெளியே வரும். அவரைவிடப் பத்து வயது மூத்த வேன் டிரைவர்கூடப் பவுடரக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்காவும் திரும்பிப் பார்ப்பார்.

கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட்டை எட்டாக மடிப்பார். காய்கறி வந்த காகிதப் பையை மடித்து அதற்குள் இன்னொரு காகிதப் பையைச் செருகுவார். யார் வீட்டுக்குப் போனாலும், கொடியில் கிடக்கும் அவர்கள் துண்டை எடுத்து ஓரம் சேர்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் "அப்புறம், எப்படி இருக்கீங்க?" என்பார். கணவர் முகம் துடைத்துக்கொண்டிருக்கும் கைக்குட்டையை, அவர் துடைத்து முடிக்கும் முன்பே ஒரு முனையிலிருந்து மடிக்கத் தொடங்கியதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அக்கா மறுக்கவில்லை.

கூடத்தில் அவருக்கென்று ஒரு ராஜ்ஜியம் உண்டு. பால் நிறக் கண்ணாடிக்குப் பின்னால் டியூப்லைட் எரியும் ஒரு பலகை. துவைத்து உலர்ந்த விரிப்பு, இஸ்திரிக்குப் போகும் முன் அந்த வெளிச்சத்தின் மேல் ஒரு தடவை படர வேண்டும். ஓட்டை, இழை விட்ட இடம், போகாத கறை எல்லாம் அப்போது காட்டிக்கொடுக்கும். அழுக்குத் துணியை யாரும் அங்கே கொண்டு வருவதில்லை. அது நேராகத் தொட்டிக்குப் போகும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும் துணிக்குத்தான் இந்த மரியாதை. சில சமயம் ஒரு சுருக்கத்தை ஓட்டை என்று நினைத்து ஒதுக்கி வைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போய்ட்டு வா" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. பலகைக்கே தப்பி மேலே போய், ஒரு நோயாளியின் கால் விரல் மாட்டிக் கிழிந்து வந்த ஓட்டையும் உண்டு. அந்த விரிப்பை அக்கா இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார்.

கவுன்களை வைத்தே மாடிகளைச் சொல்லிவிடுவார். இரண்டாம் மாடியில் பெண்களுக்கு மார்பகப் படம் எடுக்கும் அறை. அங்கே போகும் கவுனுக்குத் திறப்பு முன்பக்கம். அதை மடிக்கும்போது மட்டும் இரண்டு நாடாக்களையும் மேலே எடுத்து ஒரு தளர்ந்த முடிச்சாகப் போட்டு வைப்பார். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒருமுறை நாடா இரண்டும் பிய்ந்த கவுன் ஒன்று திரும்பி வந்தது. "கை நடுங்கியிருக்கு. நாடா எங்க இருக்குன்னு தெரியாம இழுத்திருக்கா பாவம்" என்றார். அன்று தொடங்கிய முடிச்சு. ஆறாம் மாடியின் கவுன் வேறு. மார்பில் அறுவை முடிந்தவர்களுக்கு உடம்பிலிருந்து வரும் குழாயின் குப்பியை வைத்துக்கொள்ள உள்பக்கம் ஒரு பை வேண்டும். அந்தப் பைகளைத் தைத்ததும் அக்காதான். தைக்கும்போது மட்டும் பேசமாட்டார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எல்லாருக்கும் வருவது. எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் ஒருமுறை வந்து மார்பைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், வருவதும் வராததும் உங்கள் விருப்பம், வியாழக்கிழமை ஒன்பதரை மணி என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் வந்ததை அக்கா ஜாடிக்கு மூடியாக்கி மறந்துவிட்டார். இப்போது வந்ததை அப்படித் தூக்கிப் போட மனம் வரவில்லை. எட்டாக மடித்துப் பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தார். வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போன் செய்கிறாள். அவளிடம் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று எல்லாம் சொன்னார். இதைச் சொல்லவில்லை. கூடத்தில் தன்னோடு நின்று மடிப்பவளிடம் மட்டும் சொன்னார்.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. "வலி இல்ல, கட்டி இல்ல. சும்மா இருக்கிற ஒடம்பப் போய் எதுக்கு நோண்டணும்?" என்பது முதலாவது. "அந்தப் படம் எடுக்கிற பொண்ணு நம்மகிட்ட தினம் கவுன் வாங்க வர்றவ. அவ முன்னாடி அவுத்துப் போட்டு நின்னுட்டு, மறுநாள் எப்படி அவ முகத்தப் பாக்கிறது?" என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் அக்காவின் வாயால் கேட்கவேண்டியது. கடிதத்தின் கடைசி வரியில், அன்று காலை கழுத்திலோ அக்குளிலோ மார்பிலோ பவுடர் பூசாமல் வரவும் என்று இருந்தது. "பாத்தியா? அம்பத்திமூணு வயசுல என்னைய பவுடர் இல்லாம தெருவுல எறங்கச் சொல்றாங்க. அதுக்கு அம்மணமா வரச் சொல்லிருக்கலாம்."

அந்த வரியின் கதை அக்காவுக்குத் தெரியாததல்ல. போன வருடம் படம் எடுக்கும் பெண் ஒரு கவுனைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. படத்துல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி விழுது. துணியில சோப்பு நிக்குதோன்னு ஒரு சந்தேகம்."

"என் துணியிலயா?"

அக்கா கவுனைப் பிடுங்கி அக்குள் பக்கத்தை மூக்கில் வைத்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "இது சோப்பு இல்ல கண்ணு. பவுடர். மல்லிகை வாசனை. பச்சை மூடி டப்பா. அந்தம்மாவத் துடைச்சுட்டு வரச் சொல்லி இன்னொரு படம் எடு." அப்படியே ஆயிற்று; புள்ளிகள் காணாமல் போயின. ஓட்டையே இல்லாத துணியில் ஓட்டை காட்டும் வேலையைத் தன் பவுடர் செய்யும் என்று அக்கா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை புது சூப்பர்வைசர் வந்து லைட்டுப் பலகைக்கு முன்னால் நின்றார். மரியாதையான மனிதர்; அக்காவிடம் பேசும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"அக்கா, நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நல்லாத்தானே வருது? இந்தப் பலகைய எடுத்துட்டா இன்னொரு மடிக்கிற மேசை போடலாம்."

"நல்லாத்தான் இருக்கும் சார். பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றேன். பாக்காம சொன்னா அது நெனப்பு."

சூப்பர்வைசர் கட்டிய கையை அவிழ்க்காமலே போய்விட்டார். பலகை நின்றது. மறுமுனையில் விரிப்பைப் பிடித்திருந்த மைனா மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைனா அக்காவின் கூட்டாளி. வாய் ஓயாததால் வந்த பட்டம். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். முனையோடு முனை சேர்க்க நெருங்கி வரவேண்டும், பிறகு விலகவேண்டும். நெருங்கும்போது ஒரு வாக்கியம் என்பது மைனாவின் கணக்கு.

"அப்ப அந்தக் கடுதாசி?" என்றாள், முனையைக் கொடுத்துக்கொண்டே.

விலகினார்கள். நெருங்கினார்கள்.

"எந்தக் கடுதாசி?"

"டப்பாவுக்கு அடியில தூங்குதே. அதையும் பாக்காமலே நல்லா இருக்குன்னு சொல்லிருவீங்களா?"

அக்கா விரிப்பை வெடுக்கென்று இழுத்தார். மைனா இரண்டு எட்டு முன்னால் வந்து விழாமல் நின்றாள்.

"துணிக்கு பயம் கிடையாதுடி. எனக்கு இருக்கு."

மைனா அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

"ரெண்டாவது மாடியில ஏறுனா ஆறாவதுலதான் எறக்கி விடுவாங்க" என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். "அந்தப் பையத் தைச்சவ நான்."

"லிப்ட் கீழயும் வருதுக்கா. நான் வரல?"

மைனாவை இரண்டு வருடத்துக்கு முன்னால் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னொரு படம், பிறகு ஊசியால் துளி சதை, பிறகு காத்திருப்பு. மூன்று வாரம் கழித்து ஒன்றுமில்லை என்றார்கள். அந்த மூன்று வாரமும் மைனா கூவவில்லை. கூடமே களையில்லாமல் கிடந்தது.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அக்கா. "ஒரு சுருக்கத்த ஓட்டைன்னு நெனச்சு உன்னைய மூணு வாரம் சாகடிச்சாங்க. இல்லாத ஒண்ணுக்கு."

"ஆமா. அதுக்கு இன்னிக்கும் அவங்களத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்த கடுதாசி வந்தா திட்டிக்கிட்டே போவேன்." முனைகள் சேர்ந்தன. மைனா முனையை விடவில்லை. "ஆறாவது மாடியிலேருந்தும் எறங்கி வர்றாங்கக்கா. உங்க பையில குப்பிய வச்சுக்கிட்டே, வாசல்ல நின்னு காத்து வாங்குறாங்க. நீங்க கீழயே நிக்கிறதால பாக்குறதில்ல."

"போதும். மடி."

புதன்கிழமை சாயங்காலம் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பூட்டுக்காரர். சாவி தொலைத்தவர்களுக்காக நாள் முழுக்கக் குனிந்திருப்பதால் வீட்டிலும் கொஞ்சம் குனிந்தேதான் நடப்பார். பேச்சும் சாவி போடுவதைப் போலத்தான்; ஒன்று சொல்லிவிட்டு, திரும்புகிறதா என்று பார்ப்பார்.

"நாளைக்குக் கடைய கொஞ்சம் லேட்டா தொறக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"பூட்டு ரிப்பேருக்கு வந்தவங்க வெளிய நிப்பாங்களே."

"வெளிய நிக்கிறதுதானே அவங்க பிரச்சினை. பழகியிருக்கும்."

அக்கா டப்பாவைத் தூக்கினார். கடிதம் இருந்தது. ஆனால் ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"படிச்சீங்களா?"

"எத?"

"இது என் மடிப்பு இல்ல."

பூட்டுக்காரர் சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினார். "எந்தப் பூட்டையும் தொறந்த தடம் தெரியாம சாத்திருவேன். காகிதம் நமக்கு வரலம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "போகச் சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேன். ஒடம்பு உன்னுது. நீ போனா அங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். போகலன்னா இங்க நாற்காலியில உக்காந்திருப்பேன். எப்படியும் நான் உக்காரத்தான் போறேன்."

"தெரிஞ்சுட்டா தெரிஞ்சதுதானேங்க. தெரியாம இருந்த நாளத் திருப்பி வாங்க முடியுமா?"

"முடியாது" என்றார் பூட்டுக்காரர். அதோடு விட்டுவிட்டார். பொய்யாக எதையும் சொல்லிவைக்காததற்காக அக்கா அன்று ராத்திரி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். கடிதத்தை எடுத்து, எட்டாக, ஓரம் சேர்த்து மடித்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

வியாழக்கிழமை காலை ஆறரை. அடுப்பில் பால் பொங்கி அடங்கியது. டீக்கோப்பை பூட்டுக்காரர் கையில் இருந்தது. டப்பாவின் அடியில் இரண்டு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு. அவர் கை போய்க் கோப்பையை மூடியது.

மேகம் வரவில்லை.

அவர் தலையைத் திருப்பினார். அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். அதிசயமாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. இடது உள்ளங்கை நீண்டிருந்தது. பழக்கதோஷத்தில் விழுந்த வெள்ளை மேடு அதில் அப்படியே இருந்தது. டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தார். அந்தச் சின்ன ஓட்டைகள் வெளியே விடுமே தவிர உள்ளே வாங்கிக்கொள்ளாது. கீழே கொட்டவும் மனம் வரவில்லை. கழுத்து வெறுமையாக, கொஞ்சம் கறுத்து, வேறு யாருடையதோபோல் இருந்தது.

கையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்தார். மேட்டை இரண்டு கைகளுக்கும் பங்கு போட்டார். பிறகு பூட்டுக்காரரின் கழுத்தில் ஒரு சுற்று, பிடரியில் ஒரு இழுப்பு. மிச்சத்தை அவர் சட்டைத் தோளிலேயே அழுத்தித் துடைத்து, உள்ளங்கைகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.